இல்லை என்று சொல்லத் தெரியாத வீட்டுக்காரி

தண்ணீரை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டாத வீட்டுக்காரியை என் வாழ்நாளில் ஒரே ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். ஆவடியில் இருந்தவள், காலையில் நாங்கள் குழாயைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து வைத்தால் கீழேயிருந்து குச்சியால் பைப்பைத் தட்டுவாள். பட்டாபிராமில் இருந்தவள் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலே மொட்டைமாடிக்குப் போய் டேங்கை எட்டிப் பார்ப்பாள். இரண்டு பேரிடமும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டுதான் காக்களூருக்கு வந்தேன்.

அங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் மாடி போர்ஷன் காலியாக இருந்தது. வீட்டுக்காரிக்கு வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். நைட்டி, தோளில் ஒரு பூத்துண்டு, கொண்டையில் குத்திய பல் கிளிப். வாடகை, அட்வான்ஸ் எதுவும் பேசுவதற்கு முன்பே என்னைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்க் குழாயைத் திறந்து காட்டினாள். தண்ணீர் கொட்டியது.

"தண்ணிக்கு மட்டும் நீ பேஜாரு ஆவாத. குளி, தொவை, ஊட்ட கழுவு. உன்ன யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க."

கணவரைக் கேட்காமலேயே நான் வீட்டுக்குச் சரி சொல்லிவிட்டேன். நாலு வருடம் அங்கே இருந்தோம். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவளுக்கு வாசிக்கிற பழக்கம் கிடையாது என்றாலும், வாசித்துக் காட்டிக் கலகம் மூட்ட அந்தத் தெருவில் ஆள் உண்டு. தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே சொல்கிறேன்.

அக்காவுக்கு இல்லை என்று சொல்ல வராது. மற்ற விஷயங்களில் நன்றாகவே வரும். பழைய பேப்பர்க்காரன், சீட்டுக் கம்பெனிக்காரன், என் கணவர் எல்லோரும் அவளிடம் "இல்ல" வாங்கியவர்கள்தான். தண்ணீர் என்று வந்துவிட்டால் மட்டும் அந்த வார்த்தை அவள் நாக்கில் ஏறாது. "தண்ணி கேட்டவன திருப்பி அனுப்புன ஊட்ல எதுவும் தங்காது" என்பாள். பக்கத்துத் தெரு லைன் வீட்டில் தங்கியிருந்த வடக்கத்திப் பையன்கள் ஷிப்டு முடிந்து இருபது லிட்டர் கேன்களோடு வருவார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு இந்தி தெரியாது. கேனைப் பார்த்ததும் மோட்டாரைப் போடுவாள். கட்டட வேலைக்காரர்கள், தெருவில் மாடு ஓட்டிப் போகிறவர், கொரியர் கொண்டு வருகிறவர், எல்லோருக்கும் அந்தக் கேட் திறந்தே கிடக்கும். வழிந்தோடுகிற தண்ணீரைப் பார்த்து எனக்குத்தான் வயிறு எரியும். அவளுக்கு அதுவும் ஒரு சந்தோஷம்.

கொடுப்பதில் இருந்த அதே வேகம், தண்ணீர் குறைந்தால் காரணம் கண்டுபிடிப்பதிலும் இருந்தது. முதல் குற்றவாளி நான். எஸ்டேட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் எனக்குச் சரக்கு சரிபார்க்கிற வேலை. அச்சு சூடாகும், அதைக் குளிர வைக்கத் தண்ணீர் வேண்டும், அதற்கு ஒரு ஆழ்துளைப் போர் உண்டு. இதைத் தெரியாத்தனமாக அவளிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் பெயர் போய், "இன்னா கம்பெனி, இன்னிக்கு எவ்ளோ உறிஞ்சுனீங்கோ?" என்று மாடிப்படியில் வைத்துப் பிடிப்பாள்.

"நானாக்கா உறிஞ்சறேன்? மொதலாளியைக் கேளுங்க."

"நீ கேளு. நீதான மாசா மாசம் அவராண்ட சம்பளம் வாங்குற?"

வாரத்தில் ஒருநாள் கம்பெனிகள் மேல் கோபம். இன்னொரு நாள் பிளாட் போடுகிறவர்கள் மேல். ஏரிக்கு இந்தப் பக்கம் செம்மண் கொட்டிக் கல் நட்டுக் கொடி கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, "வாய்க்கால மூடிட்டானுங்க. ஏரிக்குத் தண்ணி எப்டி வரும்? ஏரில நின்னாத்தான கெணத்துல ஊறும்?" என்று கத்தினாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவளும் நானும் நின்று பேசிக்கொண்டிருந்த அந்த வீடும் ஒரு காலத்தில் அதே ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலம்தான் என்பதை மட்டும் நான் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். வீட்டைச் சுற்றி ஒரு புல் முளைக்க இடமில்லாமல் சிமெண்டு போட்டிருந்தாள். பெருக்க வசதியாம். மழைநீர் சேகரிக்க ஒரு குழி இருந்தது. வீட்டு பிளானுக்கு அனுமதி வாங்குவதற்காகத் தோண்டியது. அதன் மேல் துணி துவைக்கிற கல்லைப் போட்டுவிட்டாள். மழை பெய்தால் மொட்டைமாடித் தண்ணீரெல்லாம் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடும். அக்கா குடை பிடித்துக்கொண்டு நின்று, "இன்னா மழ பாரு" என்று ரசிப்பாள்.

அவளுடைய வீட்டுக்காரர் அத்திப்பட்டில் மின்நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்த்தார். அங்கேயே தங்கி வாரக் கடைசியில் ரயிலேறி வருவார். வந்ததும் நேராகக் குளியலறைதான். "அங்க உப்புத் தண்ணி, கம்பெனி. தலைல ஊத்துனா முடி கம்பியா நிக்குது. அந்தக் காலத்துல அந்தப் பக்கம் கெணத்துத் தண்ணி இளநியாட்டம் இருக்குமாம். ஆளாளுக்குப் போர் போட்டு இழுத்தானுங்க, கடலு உள்ள வந்துடுச்சு" என்று என்னிடம் சொல்வார். அவரும் என்னைக் கம்பெனி என்றுதான் கூப்பிடுவார். அக்கா பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொள்வாள், அந்தப் பக்கத்து ஜனங்களின் பேராசையை நினைத்து.

டேங்கர் லாரிகள் மேல்தான் அவளுக்குத் தீராத வன்மம். திருப்பாச்சூர்ப் பக்கத்து வயல் கிணறுகளில் நிரப்பிக்கொண்டு எங்கள் ரோடு வழியாகத்தான் போகும். பயிர் வைப்பதை விட்டுவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை விற்கிறார்கள் என்று தெருவில் பேச்சு. ஒருநாள் அக்கா நடுரோட்டில் போய் நின்று ஒரு லாரியை மறித்துவிட்டாள். நான் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன், ஓடிப்போய்ப் பார்த்தேன்.

"எங்க ஊரு தண்ணிய எங்க எத்துக்கினு போற?"

டிரைவர் பெரியவர். வெயிலில் முகம் கறுத்துப் போயிருந்தது. "நான் இன்னாம்மா பண்றது, ஓட்டச் சொன்னாங்க, ஓட்றேன்" என்றார். அக்கா விடவில்லை. ஏரி, வாய்க்கால், கலெக்டர் ஆபீஸ் எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றார். முதுகுக்குப் பின்னால் ஒரு லாரித் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கிறது. அக்காவின் முகம் அப்படியே மாறியது. வீட்டுக்குப் போய் மோர் கலக்கிக்கொண்டு வந்தாள். அவருடைய பாட்டிலையும் வாங்கி நிரப்பிக் கொடுத்தாள். அதன் பிறகு அந்த லாரி எங்கள் தெருமுனையில் நின்று பாட்டில் நிரப்பாமல் போனதே இல்லை. நான் சிரித்ததற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இரண்டாவது வருடக் கோடையில் அக்காவின் போர் இருமத் தொடங்கியது. கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் காற்று. அக்கா படுத்துவிட்டாள். வடக்கத்திப் பையன் ஒருவனுக்குக் கேன் பாதிதான் நிரம்பியது என்பதுதான் அவளுடைய கவலை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அழுதாள். நீரோட்டம் பார்க்க ஒருவர் உள்ளங்கையில் தேங்காயோடு வந்து வீட்டைச் சுற்றினார். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தேங்காய் எழுந்து நின்றது. அங்கேதான் போர் போடுகிற லாரி நுழைய இடமும் இருந்தது. மஞ்சளும் எலுமிச்சையும் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் துளை போட்டார்கள். அன்று முழுக்கத் தெருவில் யாருக்கும் காது கேட்கவில்லை. சேறு ஓடிப் பாதி வீட்டு வாசல் நாறியது. பழைய போரைப் போல இரண்டு மடங்கு ஆழம் போன பிறகு தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அக்கா நைட்டியோடு அதில் நின்று நனைந்தாள். பிறகு குடத்தில் மஞ்சள் தூளைப் போட்டு, பிள்ளை பிறந்த வீட்டில் சர்க்கரை கொடுப்பது மாதிரி, வீட்டுக்கு ஒரு குடம் முதல் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

எதிர்வீட்டு மும்தாஜ் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மும்தாஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழவேற்காட்டில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். கணவருக்குத் திருவள்ளூரில் ஒரு செருப்புக் கடை. அவள் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றாள். எஸ்டேட்டில் வேலை பார்க்கிற பாதிப் பெண்களுக்கு மறுநாள் நாஷ்டா அவள் மாவில்தான். அரிசி களைய, ஊற வைக்க, அரைக்க, கிரைண்டரைக் கழுவ, எல்லாவற்றுக்கும் அவள் வாசலில் ஒரு பழைய அடிபம்பு இருந்தது. ஆழம் அதிகமில்லாத போர். ஒரு சொம்பு தண்ணீரை மேலே ஊற்றி நாலு அடி அடித்தால் எடுத்துக்கொள்ளும்.

அக்காவின் புதுப் போர் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் அந்தப் பம்பு நின்றுபோனது. அதற்கடுத்து இன்னும் இரண்டு மூன்று வீட்டுப் பம்புகள். கோடை என்றார்கள். அக்கா என்னைப் பார்த்துக் கம்பெனி என்றாள். அதோடு நிற்கவில்லை. திருவள்ளூருக்கே போய் நீளமான பச்சை டியூப் ஒன்றை வாங்கி வந்து, தெருவுக்குக் குறுக்கே போட்டு, மும்தாஜ் வீட்டு டிரம்மில் விட்டாள். "நான் உசுரோட கீற வரைக்கும் உனக்குத் தண்ணிக் கஷ்டம் வராது மும்தாஜு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பொய் கிடையாது, நடிப்பு கிடையாது.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் டியூப் திருவிழாதான். பைக்கில் அதன் மேல் ஏற்றுகிறவர்களை அக்கா திட்டுவாள். முதலில் மும்தாஜ், அப்புறம் வரிசையாக மற்ற வீடுகள். மும்தாஜ் தினம் ஒரு டப்பா மாவு கொண்டுவந்து அக்காவின் ஜன்னலில் வைத்துவிட்டுப் போவாள். அக்கா அதைப் பிரியம் என்றுதான் எடுத்துக்கொண்டாள். எனக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. மும்தாஜ் அரிசி ஊறப்போடுகிற நேரம்கூட அக்காவின் மோட்டாரைப் பொறுத்ததாகிவிட்டது. அக்கா பொன்னேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் எங்களுக்கு மறுநாள் மாவு கிடையாது. மும்தாஜ் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. முன்பு வாசலில் நின்று சத்தமாகச் சிரித்துப் பேசுகிறவள், இப்போது அக்கா முன்னால் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

அடுத்த கோடையில், கத்திரி வெயிலில், மோட்டார் கருகியது. அக்காவின் மோட்டார் ஓய்ந்து நான் பார்த்ததில்லை, கருகாமல் என்ன பண்ணும். மெக்கானிக் சங்கிலி கட்டி அதைப் போருக்குள்ளிருந்து மேலே இழுப்பதற்கே பாடுபட்டார். காயில் கம்பியை மறுபடி சுற்றக் கொண்டுபோன கடையில், ஏற்கெனவே எட்டு மோட்டார் வரிசையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். தெரு தவித்தது. கேனோடு வந்த பையன்களிடம் அக்கா வெறும் கையை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பஞ்சாயத்து லாரி வந்தபோது அவள் வெளியே வரவே இல்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் தெருவில் ஒரே கூச்சல். மும்தாஜ் வேறு வழி இல்லாமல் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிப் பழைய பம்பை அடித்துப் பார்த்திருக்கிறாள். துரு கலந்து கொஞ்சம் வந்து, அப்புறம் தெளிந்த தண்ணீராகக் கொட்டியிருக்கிறது. அக்காவும் ஓடிவந்தாள். மும்தாஜைக் கட்டிக்கொண்டாள். கையில் ஏந்திக் குடித்துப் பார்த்து, "இன்னா ருசி" என்றாள். மத்தியானத்துக்குள் மற்ற வீட்டுப் பம்புகளிலும் தண்ணீர் ஏறியது.

சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க கம்பெனி லீவா?"

"இல்லக்கா. மூணு ஷிப்டும் ஓடுது."

"டேங்கரு லாரி?"

"இப்பகூட ரெண்டு போச்சே."

"மழையும் பெய்யல." இதை அவளே சொல்லிக்கொண்டாள். எப்போதும் ஒரு குற்றவாளியைக் கையில் வைத்திருக்கிறவள், அன்று வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் எங்கே போய் முட்டி நிற்கிறாள் என்று புரிந்தது. அவளைத் தாண்டி மாடிக்குப் போய்விட்டேன்.

மோட்டார் வந்தது. இறக்கினார்கள். தெரு கைதட்டியது. சாயங்காலம் டியூப்பும் வந்தது. மறுநாள் எனக்கு வார விடுமுறை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே மோட்டார் ஓடும் சத்தம். மும்தாஜ் வீடு வீடாக மாவு கொடுக்கப் போயிருந்தாள். அக்கா தெருவைக் கடந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மும்தாஜ் வாசல் பம்பை அடித்தாள். கொர் கொர் என்று காற்று. சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றி மறுபடியும் அடித்தாள். காற்றுதான். திரும்பி வந்து மோட்டாரை நிறுத்தினாள். அடுத்த இரண்டு நாளும் அதைப் போடவில்லை. டேங்கில் இருந்ததை வைத்து எல்லோரையும் சமாளித்தாள். மூன்றாம் நாள் மும்தாஜின் பம்பில் தண்ணீர் இருந்தது. அன்று அக்கா சாப்பிடவில்லை.

ராத்திரி சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நானே கீழே போனேன். தட்டைப் பார்க்காமல் பேசினாள்.

"என் மோட்டாருதான். அவ தண்ணிய எடுத்து அவளுக்கே ஊத்திக்கினு கீறேன். ஒரு வருசமா அவ என்னைக் கும்புட்டுக்கினு கீறா."

"உங்க ஒரு மோட்டாராலயாக்கா ஊரு வத்திச்சு? எங்க கம்பெனி இல்லியா, லாரி இல்லியா?"

"அவங்களும்தான். அவங்க யாரும் மும்தாஜுக்கு அக்கா இல்லியே."

நான் அவளுக்கு ஒரு வழி சொன்னேன். நம் வீட்டுக்கு மட்டும், கொஞ்ச நேரம் போட்டு நிறுத்தினால் போதும், அவ்வளவு தண்ணீருக்கு எதிர்வீட்டுப் பம்பு நிற்காது என்று.

"கொஞ்சமா குடுக்க எனக்குத் தெரியாதும்மே. மோட்டாரு சத்தம் கேட்டா கேனோட வருவானுங்க. வந்தவன எப்டித் திருப்பி அனுப்புறது? என் வாயில வராது. உனக்குத் தெரியுமே." சொல்லிவிட்டு அழுதாள். அந்தத் தெருவில் அவளுக்கு இருந்த மரியாதை அத்தனையும் அந்த டியூப் வழியாக வந்தது. மோட்டாரை நிறுத்தினால் அவள் வெறும் வீட்டுக்காரி. அதை நினைத்துத்தான் அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது.

காலையில் கேட்டில் ஆள் சேர்ந்துவிட்டது. கேன், குடம், பக்கெட். அக்கா வெளியே வந்தாள். மெயின் போர்டில் இருந்து மோட்டாரின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகியிருந்தாள். எல்லோரையும் பார்த்தாள். வாயைத் திறந்தாள். இல்லை என்ற வார்த்தை வரவில்லை. இரண்டு தடவை முயற்சி செய்தாள். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே இறங்கிப் போய் அவளுக்காகச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. அதற்குள் அவள் உள்ளே போய் ஒரு காலிக் குடத்தை எடுத்து வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தெருவைக் கடந்து மும்தாஜ் வாசலில் போய் நின்றாள்.

"மும்தாஜு, ஒரு கொடம் தண்ணி புடிச்சிக்கட்டுமா?"

மும்தாஜ் அரிசி களைந்துகொண்டிருந்தவள் எழுந்தாள். "இன்னாக்கா, மோட்டாரு மறுபடியும் போயிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிடு அக்கா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். எவ்வளவு சுலபமான பொய். தெருவே நம்பியிருக்கும்.

"மோட்டாரு நல்லாத்தான் கீது. நான்தான் நிறுத்திட்டேன். அது ஓடுனா உன்னுது வராது. இத்தினி நாளு வராததுக்கு நான்தான் காரணம்." தெருவுக்கே கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

மும்தாஜ் தரையைப் பார்த்தாள். "தெரியும்க்கா" என்றாள்.

"தெரியுமா? எப்பத்திலேர்ந்து?"

"போன வருசத்திலேர்ந்தே."

"ஏன்டி சொல்லல?"

"நீங்க டியூப்பப் புடிச்சிக்கினு என் வாசல்ல நிக்கிறப்போ எப்டிக்கா சொல்றது?"

அக்கா முந்தானை இல்லாத நைட்டியில் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தாள். குடத்தை வைத்துவிட்டுப் பம்பின் கைப்பிடியைப் பிடித்தாள். நான் அடிக்கிறேன் என்று மும்தாஜ் வந்ததற்கு விடவில்லை. மும்தாஜ் உட்கார்ந்து குடத்தை நேராகப் பிடித்துக்கொண்டாள். கேனும் பக்கெட்டுமாக நின்ற கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. குடம் நிரம்பியது. அக்கா அடித்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் வழிந்து மும்தாஜின் மடியை நனைத்தது. அப்போதும் அவள் நிறுத்தவில்லை. மும்தாஜ்தான் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும்க்கா" என்றாள்.